ஃப்ரீசர் பனியைக் கரைத்தால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் இருக்கிறார். எட்டு ஆண்டு ஓடிய, 190 லிட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரின் சுவர்களில் ஓர் அங்குலத்துக்கு மேல் பனி படிந்துவிட்டது. உள்ளே இருக்கும் சிறிய கதவு இப்போது முழுதாக மூடுவதில்லை. மேலே இவ்வளவு பனி இருந்தும் கீழ்த்தட்டில் வைத்த பால் சீக்கிரம் கெட்டுவிடுகிறது. பனியைக் கரைத்தால் மின்கட்டணம் குறையுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை கரைக்க வேண்டும், ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு மீண்டும் குளிரவைப்பதற்கே அதிக மின்சாரம் ஆகிவிடாதா என்று மூன்று சந்தேகங்களை எழுப்பியிருக்கிறார்.

குறையும் என்பதே என் பதில். ஆனால் பனியைக் கரைப்பதால் மட்டும் குறைவதைவிட, கரைத்த பிறகு நீங்கள் செய்யும் ஒரு சிறிய காரியத்தால்தான் அதிகம் குறையும். அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், பனி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் என்று நாம் அழைக்கும் அந்த அலுமினியப் பெட்டிதான் முழு ஃப்ரிட்ஜுக்கும் குளிர் தரும் உறுப்பு. அதன் தகட்டுக்குள்ளேயே மெல்லிய குழாய்வழிகள் ஓடுகின்றன. அவற்றில் திரவமாக வரும் குளிரூட்டும் வாயு ஆவியாகும்போது தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மேலே குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்குவதால்தான் காய்கறித் தட்டு வரை குளிர் வந்து சேர்கிறது. அலுமினியம் வெப்பத்தை மிக எளிதாகக் கடத்தும். அதன் மேல் படியும் வெள்ளைப் பனியோ அப்படியல்ல. பனித் துகள்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொண்டிருப்பதால், விரலால் அழுத்தினால் நொறுங்கும் புதுப்பனி ஏறக்குறைய ஒரு மரப்பலகையைப் போலவே வெப்பத்தைத் தடுக்கும். கண்ணாடி போல இறுகிப்போன பனிக்கட்டி அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அது பொருபொருத்த பனியைவிடப் பத்து மடங்கு வரை வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே பார்ப்பதற்குப் பயமுறுத்தும் கெட்டியான பனிப்பாறையைவிட, பஞ்சு போலத் தெரியும் வெள்ளைப் படிவமே மின்சாரக் கணக்கில் அதிகம் கெடுதல் செய்வது.

இதை எண்ணில் சொல்வதானால், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பொருபொருத்த பனியைத் தாண்டி அதே அளவு வெப்பத்தை இழுக்க, தகடு முன்பைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் குளிர வேண்டியிருக்கும். தகட்டின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரசரின் மின்செலவு ஏறத்தாழ இரண்டு மூன்று சதவீதம் கூடும் என்பது குளிரூட்டல் துறையில் பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்ற அளவில் நிற்கிறது. "பனி படிந்தால் முப்பது சதவீதம் கூடுதல் செலவு" என்று ஒரே எண்ணை எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பனி எவ்வளவு தடிமன், எவ்வளவு இறுக்கம், தகட்டின் எத்தனை பக்கங்களில் படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது வீட்டுக்கு வீடு மாறும்.

இனி அந்தச் சிறிய காரியத்துக்கு வருகிறேன். இத்தகைய ஃப்ரிட்ஜ்களில், குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் ஃப்ரீசர் தகட்டோடு ஒட்டியபடிதான் பொருத்தப்பட்டிருக்கும். கீழ்த்தட்டில் உள்ள பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தகடு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பனி தடித்துவிட்டால், வெப்பம் வந்து சேராத தகடு விரைவிலேயே குளிர்ந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் வேலை முடிந்ததென்று எண்ணிக் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. கீழ்த்தட்டுக்குப் போதிய குளிர் இறங்குவதில்லை. உங்கள் பால் கெடுவது இதனால்தான். அப்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் குமிழை மூன்றிலிருந்து ஐந்துக்கோ ஆறுக்கோ திருப்புகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து கம்ப்ரசர் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில், இன்னும் நீண்ட நேரம் ஓடத் தொடங்குகிறது. பனியும் இன்னும் வேகமாக வளர்கிறது. பிறகு ஒரு நாள் பனியைக் கரைத்துத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள், ஆனால் குமிழ் மட்டும் ஆறிலேயே நின்றுவிடுகிறது. பனி போன பிறகும் கட்டணம் குறையவில்லையே என்று வருந்துபவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது அந்தக் குமிழைத்தான். பத்தில் ஆறேழு வீடுகளிலாவது அது நடு எண்ணைத் தாண்டியே நிற்கும். அதை நடு எண்ணுக்குத் திருப்பி வைப்பதே நான் சொன்ன சிறிய காரியம்.

ரூபாய்க் கணக்கில் இது எவ்வளவு என்று கேட்டால், மிகைப்படுத்தாமல்தான் சொல்ல வேண்டும். இந்த அளவுள்ள பழைய ஃப்ரிட்ஜ் சென்னை வெப்பத்தில் நாளொன்றுக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஒரு பில்லில் அறுபது யூனிட். பனியால் வரும் கூடுதல் பதினைந்து சதவீதம் என்றால் ஒன்பது யூனிட். பெரும்பாலான வீடுகளுக்கு இது ஐம்பது ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக இருக்கும். குமிழையும் கூட்டி வைத்திருந்தால் இது இரட்டிப்பாகலாம். 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமாகப் புழங்கும் சிறு குடும்பங்களுக்கு இந்த ஒன்பது யூனிட் பெரிய மாற்றத்தைத் தராது. 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கோ கணக்கு வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழடுக்கு யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் பறிபோய்விடும் என்பதால், கோடைக்கால பில்லில் எட்டுப் பத்து யூனிட் வித்தியாசம் சில நூறு ரூபாயாகவே தெரியும். உங்கள் பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது விளங்கும்.

அணைத்து மீண்டும் ஓடவிடுவதே அதிகச் செலவு என்ற சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரண்டு மணி நேரம் அணைத்து வைத்த ஃப்ரிட்ஜில் பதினைந்து கிலோ பொருள்கள் ஏழெட்டு டிகிரி சூடேறியிருந்தாலும், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது. பனி இருக்கும்போது இரண்டு நாளிலேயே அதைவிட அதிகம் வீணாகிறது. அதேசமயம், இந்தக் கணக்கை நம்பி தினமும் இரவில் ஃப்ரிட்ஜை அணைத்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதனால் மிச்சமாவது மிகச் சொற்பம், உணவு ஒவ்வோர் இரவும் சூடேறுவது மட்டுமல்லாமல், பாதி உருகிய பனி காலையில் கட்டியாக உறைந்து ஃப்ரீசர் கதவையே பிடித்துக்கொள்ளும். அணைப்பதானால் பனி முழுவதும் கரைந்து, துடைத்து முடியும் வரை அணைக்க வேண்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு நாள்காட்டியைவிட அளவுகோலே சரியான விடை. பனியின் தடிமன் கால் அங்குலத்தை, அதாவது ஆறு மில்லிமீட்டரை எட்டும்போது கரைத்துவிட வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை தன் நாட்டு மக்களுக்குச் சொல்லும் எல்லையும் இதுவே. வீட்டில் அளவுகோல் தேட வேண்டியதில்லை, ஆள்காட்டி விரலின் நகத்தை நிறுத்திப் பார்த்தால் அதில் பாதி உயரம். ஓரிரு மில்லிமீட்டர் மெல்லிய பனியைக் கண்டதும் பதறிக் கரைப்பது வீண்வேலை. அந்த நிலையில் அதனால் சொல்லத்தக்க நட்டம் ஒன்றும் இல்லை. கடலோர ஊர்களில் இந்த எல்லை ஒரு மாதத்திலோ ஒன்றரை மாதத்திலோ வந்துவிடலாம்; காற்று உலர்ந்த உள்மாவட்டங்களில் மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் உங்களைப் போல மிகக் குறுகிய காலத்தில் ஓர் அங்குலம் சேர்ந்துவிடுகிறதென்றால், கரைப்பதைவிட ஈரம் எந்த வழியாக வருகிறது என்று தேடுவதே முதல் வேலை.

முப்பது டிகிரி வெப்பமும் எழுபத்தைந்து சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் உள்ள காற்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். எனவே கதவைத் திறக்கும்போது உள்ளே நுழையும் காற்று தன்னிடமுள்ள ஈரத்தில் பெரும்பகுதியைக் கீழ்த்தட்டின் குளிரிலும் ஃப்ரீசர் தகட்டிலுமாகக் கொட்டிவிடுகிறது. அப்படி வெளிக்காற்றிலிருந்து வந்து உறையும் ஒவ்வொரு கிலோ நீருக்கும் கம்ப்ரசர் சுமார் 2,830 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு கிலோ பனி என்றால் அது உருவானபோதே ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்றிருக்கிறது. கரைப்பதால் அந்த யூனிட் திரும்பி வராது.

கதவைத் திறப்பதைவிடவும் மோசமானது, மூடிய பின்னும் மூடாத கதவு. கதவின் ஓரத்தில் ஓடும் காந்த ரப்பர், கேஸ்கட் என்று கடைகளில் கேட்டுவாங்குவது, எட்டு ஆண்டில் இறுகியோ மடங்கியோ போயிருக்கும். பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீல் இருக்கும் பக்கத்து மூலைகளில், இப்படிச் சோதிக்க வேண்டும். பல சமயம் குற்றம் ரப்பரில் இருக்காது. அதன் மடிப்புகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலும் குழம்பும்தான் இடைவெளியை உண்டாக்கியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மடிப்பைப் பிரித்துத் துடைத்தாலே பாதிக்குப் பாதி சரியாகிவிடுகிறது. மடங்கிய ரப்பரைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி எடுத்தால் மென்மையாகி நிமிரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃப்ரிட்ஜின் முன்கால்களைத் திருகி, முன்பக்கம் சற்றே உயர்ந்திருக்குமாறு வைத்தால், பாதி திறந்து விட்ட கதவு தானாகவே வந்து மூடிக்கொள்ளும்.

மூன்றாவது வழி நம் சமையலறையே. ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஃப்ரீசர் தகடுதான் எல்லாவற்றிலும் குளிர்ந்த பரப்பு என்பதால், கீழே மூடாமல் வைத்த ரசத்திலும், கழுவி ஈரம் வடியாத கீரையிலும், திறந்த இட்லி மாவுத் தூக்கிலும் இருந்து எழும் ஈரம் அனைத்தும் கடைசியில் மேலே போய்ப் பனியாகத்தான் நிற்கும். சூடான சாதத்தை அப்படியே உள்ளே வைப்பது இதில் மிகப் பெரிய குற்றம். பாத்திரத்துக்கு ஒரு தட்டு மூடி போதும். உங்கள் பெட்டியில் உடைந்தோ மூடாமலோ இருக்கும் ஃப்ரீசரின் சிறு கதவையும் பலர் பொருட்படுத்துவதில்லை. அது போய்விட்டால் கீழ்த்தட்டின் ஈரக்காற்று தடையில்லாமல் தகட்டைத் தொடுகிறது. பனி இன்னும் வேகமாக ஏறும். மாற்றுக் கதவு மலிவாகவே கிடைக்கும்.

கரைக்கும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை, அவசரப்படாமல் இருப்பதுதான் வித்தை. ஃப்ரீசரில் பொருள் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். புரட்டாசியில் மீனும் கறியும் வாங்காத வீடுகளுக்கு அந்த மாதம் மிகப் பொருத்தம். ஆயுத பூஜைக்கு வீட்டுக் கருவிகளைத் துடைக்கும் வேலையோடு இதுவும் சேர்ந்து முடிந்துவிடும், அடுத்து வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று வருவதற்கு முன் பெட்டியும் சுத்தமாக இருக்கும். உள்ளே இருக்கும் உறைந்த பொருள்களை நெருக்கமாக அடுக்கித் தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றிப் போர்வைக்குள் பொதிந்து வைத்தாலும் இரண்டு மணி நேரம் தாங்கும். முழுதும் இளகிப்போன இறைச்சியையும் மீனையும் மறுபடி உறையவைக்காமல் அன்றே சமைத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

பிறகு சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவிவிட வேண்டும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் போதாது. குமிழின் நடுவில் உள்ள பொத்தானை அழுத்திக் கரைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருக்கும். கால் அங்குல அளவிலான பனியைக் கரைப்பதற்கு அது சிறந்த ஏற்பாடு. தகடு சூடேறியதும் பொத்தான் தானே வெளியே வந்து கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். ஆனால் ஓர் அங்குலப் பனிக்கு அதை நம்பி இரவில் அழுத்திவிட்டுத் தூங்கப் போனால், காலையில் சமையலறைத் தரை குளமாக இருக்கும், ஏனென்றால் ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டு அவ்வளவு தண்ணீரைக் கொள்ளாது. இந்த முறை பகலில், பக்கத்தில் இருந்தே செய்யுங்கள். ஃப்ரீசருக்குள் ஒரு மடித்த துணியை விரித்து, அதன்மேல் அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் சூடான தண்ணீரை வைத்துச் சிறு கதவைச் சாத்துங்கள்; கொதிக்கும் தண்ணீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும் என்பதால் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் முக்கால் மணி நேரத்தில் பனி பாளம் பாளமாகக் கழன்று விழும். தண்ணீர் தூக்கி இறக்க முடியாத முதியவர்கள் கதவைத் திறந்து, சிந்தும் நீர் எட்டாத தூரத்திலிருந்து மேசை மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே போதும். நம் ஊர் வெப்பக்காற்றே வேலையைச் செய்துவிடும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர், தோசைக்கரண்டி எதையும் தகட்டருகே கொண்டுபோகாதீர்கள். இளவயதில் என் வீட்டு ஃப்ரீசரில் ஒட்டிக்கொண்ட ஐஸ் தட்டைக் கத்தி முனையால் நெம்பி, உஸ்ஸென்ற ஒரு சத்தத்தோடு வாயு முழுவதையும் வெளியேற்றிய அனுபவம் எனக்கு உண்டு; ஐஸ் தட்டுக்கு ஆசைப்பட்டு ஃப்ரீசரையே மாற்ற வேண்டியதாயிற்று. அப்போதைய வாயு தீப்பிடிக்காத வகை. இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ என்னும் ஐசோபியூட்டேன். சில பத்து கிராம்தான் இருக்கும் என்றாலும் அது எரியக்கூடியது. உங்கள் பெட்டியில் எது இருக்கிறதென்பது பின்பக்கத் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். நீர் சொட்டும் இடத்தில் மின்கருவியைக் கையில் பிடிப்பது அறிவுடைமை ஆகாது. உப்பைத் தூவினால் பனி விரைவில் கரையும் என்பது உண்மையே, ஆனால் அலுமினியத்தை அது அரித்துவிடும். தகட்டில் சமையல் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. பனி எளிதாகக் கழலும், ஆனால் நாளடைவில் எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும்.

பனி முழுதும் போனதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு ஓடவிட்டால் அந்த ஈரம் அப்படியே முதல் பனிப்படலமாக உறையும். குமிழை நடு எண்ணில் வைத்து, ஒரு மணி நேரம் வெறுமையாக ஓடவிட்ட பிறகு பொருள்களைத் திரும்ப வையுங்கள். மறுநாள் கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்து நான்கைந்து டிகிரி காட்டினால் குமிழைத் தொடத் தேவையில்லை. இரண்டு டிகிரி காட்டினால் ஓர் எண் குறைத்துவிடலாம்.

பனியைக் கரைப்பது பற்றி இதுவரை சொன்னது இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்குப் பொருந்தாது. அதில் குளிர்தரும் சுருள் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒரு சிறிய ஹீட்டர் குறிப்பிட்ட ஓட்ட நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பனியைத் தானே கரைத்துவிடுகிறது. அந்த வகை ஃப்ரீசரின் பின்சுவரில் உங்கள் கண்ணுக்குப் பனி தெரிந்தால் ஹீட்டரோ உணரியோ பழுது, அல்லது நீர் வடியும் துளை அடைத்திருக்கிறது, அல்லது கதவு மூடவில்லை. ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தால் சில வாரங்கள் நன்றாக ஓடிவிட்டு மீண்டும் அதே நிலைக்கு வந்துவிடும். பழுதுபார்ப்பவரை அழைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

பலன் கிடைத்ததா என்பதைப் பில் வரும்வரை காத்திருக்காமலே பார்த்துவிடலாம். கரைப்பதற்கு முந்தைய இரவு, எல்லோரும் உறங்கப்போய்க் கதவு திறக்கப்படாத ஒன்றிரண்டு மணி நேரத்தில், கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் எந்த எண்ணில் இருந்தது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கரைத்த மூன்றாம் இரவு, குமிழைப் புதிய இடத்தில் வைத்தபடி, அதே நேரத்தில் மறுபடி குறியுங்கள். மணிக்கு நாற்பது நிமிடம் ஓடியது முப்பத்தைந்தோ முப்பதோ ஆகியிருந்தால் மின்செலவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கியிருக்கிறது. கொஞ்சமும் மாறவில்லையென்றால் பத்து ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் கதவு ரப்பரிடம் போங்கள்.